கத்திரியில் பத்து நாள்

மே பதினொன்று முதல் இருபது வரை
என்கிறது தீர்ப்பின் நகல்.
சேலத்தில் உட்கார்ந்து கோடை விடுமுறையில்
எனக்கொரு துண்டு நறுக்கிக் கொடுத்தவர்கள்
யோசித்திருக்க மாட்டார்கள்
சென்னையில் அது நட்டநடுக் கத்திரி என்று.
பரவாயில்லை.
நறுக்குவதற்குக் கத்திரிதானே வேண்டும்.

லேபில் மிஞ்சிய ரிப்போர்ட் ஒன்றின் பின்பக்கத்தில்
திட்டம் போடுகிறேன்.
முன்பக்கத்தில் யாருக்கோ
சர்க்கரை இருநூற்றுப் பதினான்கு.

ஏற்காடு எக்ஸ்பிரஸ் விடியுமுன்னே
சென்ட்ரலுக்கு வந்துவிடும்.
செழியனைக் கூட்டிவரும் அவன் சித்தப்பா
என்னிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டு
அடுத்த வண்டியில் திரும்பிவிடுவார்
கூரியர் கொடுக்க வந்தவர் போல.

ஒன்பது மணிக்குள் வெளிவேலை முடிய வேண்டும்.
பாம்புப் பண்ணை, கோளரங்கம், மூர் மார்க்கெட்டில் மீன்தொட்டி
எல்லாம் அதற்குள் எப்படி முடியும்?
அடித்துவிட்டேன்.
அப்புறம் திரையை இழுத்துவிட்டுக்
கடற்காற்று வரும்வரை கேரம்.
பன்னிரண்டுக்கே அது வந்து
மாடிக்கொடியில் துணியைத் தூக்கும் நாளுமுண்டு.
மூன்றாகியும் வராவிட்டால்
திருவான்மியூர் மொத்தமும் நாக்கைத் தொங்கவிட்டு
நிறுத்திவைத்த கார்களுக்கடியில்
படுத்துக் கிடக்கும்.

தண்ணீர் லாரி ஒன்றுவிட்டு ஒருநாள்.
அவன் அரைமணி நேரம் குளிப்பானாம்.
நீல டிரம் இன்னொன்று வாங்கியாயிற்று.

ஏசி வாடகைக்குத் தருகிற கடையில் கேட்டேன்.
"எத்தனை மாசம் மேடம்?"
"பத்து நாள்."
"மூணு மாசத்துக்குக் கம்மியா குடுக்கறதில்ல."
எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.
மிச்ச எண்பது நாள் யாருக்காக ஓடும்
என்று அவர் கேட்கவில்லை
நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஞாயிறு மாலை ஆறிலிருந்து ஆறரை வரை
போனில் பேசலாம்.
"உனக்கு என்னடா பாக்கணும்?"
யோசிக்கவே இல்லை அவன்.
"ஆமைக்குஞ்சு."

பெசன்ட் நகர் மணலில்
மூங்கில் தட்டி கட்டி முட்டைகளைக் காக்கிற
ஜெபராஜைப் போய்ப் பார்த்தேன்.
சீசன் முடிஞ்சிடும்க்கா என்றார்.
குழிகளுக்கு நட்ட குச்சிகளில்
தேதி எழுதிய அட்டைகள்.
ஓரத்தில் ஒன்றே ஒன்று, மார்ச் இருபத்தொன்பது.
தாமதமாக வந்த ஆமை.
நாற்பத்தைந்து நாளிலிருந்து ஐம்பது வரை ஆகுமாம்.
விரல்விட்டு எண்ணினேன்:
மே பதின்மூன்று முதல் பதினெட்டு.
இன்னொரு முறை எண்ணினேன்.
"வரலாம். சத்தியம்லாம் பண்ண மாட்டேன்க்கா,
மணல் சூட்டுல முன்னபின்ன ஆகும்."

அடுத்த ஞாயிறு அவனிடம் சொன்னபோது
ஒன்றை மட்டும் விட்டுவிட்டுச் சொன்னேன்.
அவனே சொன்னான்:
"முட்டை போட்டதும் அம்மா ஆமை போயிடும்மா.
திரும்ப வந்தே பாக்காது.
படிச்சிருக்கேன்."

கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அம்மா, கேக்குதா?"
"சிக்னல் இல்லடா. சொல்லு."
"குஞ்சுக்கு ரோடு எது, கடல் எதுன்னு
எப்படித் தெரியும்?"
"வெளிச்சத்த பாத்துப் போகும்.
தெருவிளக்கப் பாத்தா ஏமாந்துடும்.
அதனால வெள்ளை டார்ச் அடிக்கக் கூடாது."

இரவு, டார்ச்சின் வாயில்
சிவப்புக் கண்ணாடித்தாளைச் சுற்றி
ரப்பர் பேண்ட் போட்டேன்.
வீட்டு விளக்கையெல்லாம் அணைத்தேன்.
முதல் முறை வெளிச்சம் அதிகம்.
இன்னொரு மடிப்பு.
இப்போது நீல டிரம் கறுப்பாக,
சுவரில் காலண்டர் இருப்பது மட்டும் தெரிகிறது,
தேதி தெரியவில்லை.

தாளில் கடைசி வரி சேர்த்தேன்:
செருப்பு, அவனுடைய அளவு கேட்க வேண்டும்.
போன வருஷம் வாங்கியது
வாசலில் இருக்கிறது.
சின்னதாகியிருக்கும்.